பல்கனித் திறப்பும் வெடிமருந்துக் கொம்பும்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பல்கனிக் கதவின் திறப்பு என் தாலிக்கொடியில்தான் கிடந்தது. அந்தச் சின்னச் சாவியை ஒரு ஊசியால் கொழுவி வைத்திருந்தேன். வேலைக்குப் போனாலும் அங்கேதான், குளித்தாலும் அங்கேதான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் குனிந்து தட்டுக் கழுவும்போது அது நெஞ்சில் குளிர்ந்துபோய் உரசும். உரசும் ஒவ்வொரு முறையும், கதவு பூட்டித்தான் இருக்கிறது, அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், டோர்செட் பார்க் என்ற இடத்தில், பன்னிரண்டாம் மாடியில் எங்கள் வீடு. வெயில் வரும் பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்தவர் என் கணவர். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கட்டட விதிகளைக் காற்றில் பறக்கவிட்டு, தடித்த ஜக்கெற்றுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பல்கனியில் சின்னக் காஸ் அடுப்பை மூட்டிப் பொங்குவார். பால் பொங்கி வழியும்போது அவர் போடும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி மேலே பார்ப்பார். அப்படிச் சத்தமான மனிதர். வானொலியில் செய்தி வாசிக்கிறவரோடும் வாய்த்தர்க்கம் செய்வார். கொஞ்சம் வாயை மூடுங்கோவன் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை.

அந்த வாய் தானாகவே மூடிக்கொண்டது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரம் அவருடைய வலக்கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டது. கை ஆறியது. மனிதர் ஆறவில்லை. சோற்றையும் கறியையும் குழைத்துச் சாப்பிட அந்தக் கையால் முடியவில்லை, இடக்கையால் சாப்பிட மனம் ஒப்பவில்லை. விருந்தாளி மாதிரிக் கரண்டியால் இரண்டு வாய் அள்ளிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். நான் ஊட்டிவிடப் போனேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த இயந்திரத்தின் மேல், அவர் மேல், ஒன்றும் நடக்காதது போல வந்து போகிற வெயிலின் மேல்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பல்கனிக் கதவு திறந்து கிடந்தது. அவர் விளிம்புக் கம்பியைப் பிடித்தபடி வெறும் பெனியனோடு நின்றார். தூரத்தைப் பார்க்கவில்லை. நேரே கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“ஒண்டுமில்லை. காத்து வாங்கிறன்.”

“பெனியனோடையோ? இந்தக் குளிருக்கையோ?”

உள்ளே வந்து சோபாவில் இருந்துவிட்டார். அன்று மாலையே பிளாசாவுக்குப் போய், கதவின் அடியில் பூட்டுகிற பூட்டு ஒன்றை வாங்கிவந்து நானே முறுக்கிப் பூட்டினேன். “புறாக் கரைச்சல் தாங்கேலாமல் கிடக்கு” என்று காரணம் சொன்னேன். அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டை பிடிக்கவில்லை. அவர் ஆசைப்பட்டு எடுத்த பல்கனியை நான் பூட்டுகிறேன், மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை எல்லாவற்றையும் விடப் பயப்படுத்தியது.

யாரிடம் சொல்வது? மகள் யூனியன்வில்லில் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். போன் எடுத்தால், “அம்மா, ஹவ் இஸ் அப்பா? ரியலி?” என்பாள். “இருக்கிறார்” என்பேன். எங்கள் ஆட்களிடம் கை போனதைச் சொல்லலாம், சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். மனம் போனதைச் சொன்னால் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்கிற திராணி எனக்கு இல்லை. ஆகவே திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாயைப் பூட்டிக்கொண்டேன். அந்த வருடப் பொங்கலை நானே குசினி அடுப்பில், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி பொங்கினேன். சூரியன் எந்தப் பக்கம் நின்றதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், பக்கத்துச் சமூக நிலையத்தில் மரவேலைக் கூடம் இருக்கிறது, போய் ஏதாவது செய்து பாருங்கள் என்று அனுப்பினாள். வேண்டாவெறுப்பாகப் போனார். அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர். கோடைகாலத்தில் பழைய கோட்டை ஒன்றில் இருநூறு வருடத்துக்கு முந்திய பட்டாளக்காரர் போல் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அந்த வேஷத்துக்கு வேண்டிய சாமான்களையும் அவரே செய்துகொள்வார். அவர் என் கணவரின் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, மேசைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாராம்.

அது வீட்டுக்கு வந்தது. செதில் செதிலாக, சாம்பல் பிடித்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

“உதென்னப்பா?”

“கொம்பு.”

“எதின்ரை கொம்பு?”

சுவரைப் பார்த்துக்கொண்டு, “எருமை” என்றார்.

மாட்டுக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? ஆனால் மாடென்றால் நான் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டேன் என்று அவர் எனக்காக ஒரு பொய்யைத் தேடியிருக்கிறார். மாதக்கணக்கில் எதையும் தேடாத மனிதர். எருமையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“உதாலை என்ன செய்யப் போறியள்?”

“வெடிமருந்து போட்டு வைக்கிறது. அந்தக் காலத்துப் பட்டாளக்காரர் தோளிலை கொழுவிக்கொண்டு போறது. தண்ணி போகாது, நெருப்புப் பொறி பறக்காது.”

விபத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அது. என் வாய் சும்மா இருந்ததா? “வெடிமருந்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதுக்கு ஒரு பாத்திரம் செய்யிறியளோ?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இது வெறுமையாத்தான் இருக்கும்” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு கிழமை போயிருக்கும். வேலை முடிந்து லிஃப்டை விட்டு இறங்கியதும் நடைபாதை முழுவதும் தலைமயிர் கருகிய மணம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அடுப்பில் பானை கொதிக்கிறது, பானைக்குள்ளே கொம்பு தலைகீழாக நிற்கிறது. கொதிநீரில் கொம்பின் அகன்ற வாய் இளகிவிடும். இளகியதும் கூம்பாகச் சீவிய மரக்கட்டையை உள்ளே இறுக்கி, ஆறும்வரை வைத்தால் வாய் வட்டமாக வந்துவிடும், பிறகு பலகையால் அடைக்கலாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது என் கண்ணில் பட்டது பானை மட்டும்தான். வீட்டில் உயரமான பானை அது ஒன்றுதான் என்று எடுத்திருக்கிறார். என் பொங்கல் பானை!

மாட்டுக் கொம்பு பொங்கல் பானைக்குள். என் கை யோசிக்கவே இல்லை. சுவர்த் தட்டில் இருந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து அப்படியே பானைக்குள் கவிழ்த்தேன். தீட்டுக்கு வேறென்ன செய்வது?

“அறிவிருக்கோ உமக்கு?” என்று ஒரு சத்தம். குசினி அதிர்ந்தது. “இவ்வளவு நாளும் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கி வைச்சிருக்கிறன், மஞ்சளை அள்ளிக் கொட்டுறீர்! இது என்ன, உம்மடை சாம்பாரே?”

கத்தினார். இடக்கையால் மேசையில் அடித்தார். என் குடும்பத்தையும் இழுத்துத் திட்டினார். நான் டப்பாவும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்! இன்னும் திட்டுங்கோ, இன்னும் திட்டுங்கோ என்று மனம் கும்பிட்டது. சாமி வைத்திருக்கும் அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கழுத்துச் சால்வையை அடைத்து அழுதேன்.

கொம்பு பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அதைப் பார்த்த வெள்ளைக்காரர் துள்ளிக் குதித்தாராம். பழைய கொம்புகளுக்கும் இப்படித்தான் நிறம் ஏற்றுவார்களாம், எந்தச் சாயம் என்று கேட்டாராம். “என்ரை மனிசியின்ரை கைப்பக்குவம் எண்டு சொன்னன்” என்றார் என் கணவர். சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு அது ஒரு மாலை போட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கரைச்சல் தொடங்கியது. கொம்பை இன்னும் மெல்லியதாகச் சுரண்டவேண்டும். மரவேலைக் கூடம் கிழமைக்கு ஒரு நாள்தான் திறக்கும். வீட்டுக்குள் சுரண்டினால் தூசும் நாற்றமும். எதிர்வீட்டு அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். கட்டடப் பொறுப்பாளர் வந்து, இனி இப்படி நாறினால் நடவடிக்கை எடுப்பேன் என்று மிரட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் கணவர் கையை நீட்டினார். இரண்டு விரல் போன கையை.

“திறப்பைத் தாரும். பல்கனியிலை வைச்சுச் செய்யிறன்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. புறாவுக்காகப் பூட்டவில்லை என்றும் தெரியும், திறப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். நான் கழுத்தைப் பொத்திக்கொண்டேன்.

“நான் வீட்டிலை நிக்கேக்கை திறந்து விடுறன். நானும் கூட இருக்கிறன்.”

அப்படியே செய்தோம். வேலை முடிந்து வந்ததும் திறந்துவிடுவேன். இரண்டு பேரும் ஜக்கெற்றும் தொப்பியுமாகப் பல்கனியில் இருப்போம். அவர் இடக்கையால் சுரண்டுவார், மிச்சமிருந்த மூன்று விரலால் கொம்பை அணைத்துப் பிடிப்பார். நான் கம்பிக்கும் அவருக்கும் நடுவில் என் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஆனால் குளிர்காலத்தில் நான் வந்து சேருமுன்னே இருட்டிவிடும்.

“வெளிச்சம் வேணும்” என்றார் ஒரு நாள். “வெயிலுக்கு நேரை பிடிச்சால்தான் எது தடிப்பு, எது மெல்லிசு எண்டு தெரியும். தடிச்ச இடம் கறுப்பாத் தெரியும். லைற்றுக்குப் பிடிச்சுச் சுரண்டினால் ஓட்டை விழுந்திடும்.” பிறகு என்னைப் பார்க்காமலே, “பகல்லை நீர் நிக்கமாட்டீர்” என்றார்.

நான் என்ன செய்வேன்? திறப்பைக் கொடுத்தால் ஆளை இழந்துவிடுவேனோ என்று பயம். கொடுக்காவிட்டால், இந்தக் கொம்பும் கையை விட்டுப்போய், மறுபடி அந்தச் சோபாவில் கல்லாகிவிடுவார் என்று பயம். மூன்று நாள் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை எனக்கு. நாலாம் நாள் காலை அவர் ஜன்னல் கண்ணாடி வழியாக வெயிலுக்குக் கொம்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லைப்போல. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். நான் ஊசியைக் கழற்றித் திறப்பை மேசையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வேலையில் ஒவ்வொரு இடைவேளைக்கும் வீட்டுக்குப் போன் எடுப்பேன்.

“என்ன செய்யிறியள்?”

“சுரண்டுறன்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த இடைவேளை வரை உயிரோடு இருந்தேன். சொல்வதில் சலிப்புத் தெரிந்தாலும் பரவாயில்லை, சுரண்டுகிறார்.

ஒரு புதன்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். திரும்பவும் அடித்தேன். ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் வந்தது. ஏறி உட்காரவில்லை, உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகும் என்பது போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், கூப்பிட்டுவிட்டு அவர்களையும் திட்டினேன்.

வீட்டுக் கதவு பூட்டப்படவில்லை. உள்ளே ஐஸ் மாதிரிக் குளிர். பல்கனிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரையில் மஞ்சள் தூசு. அவர் இருக்கிற ஸ்டூல் வழக்கமாகச் சுவரோரம் இருக்கும். அது கம்பியோரத்தில் இருந்தது. அவரைக் காணவில்லை.

கம்பி வரை சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பார்க்காத வரைக்கும் அவர் இருக்கிறார். பார்த்துவிட்டால் முடிந்தது. அப்படி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பார்த்தேன். கீழே, கட்டடத்தை ஒட்டிய பற்றைச் செடிகளுக்கு நடுவே, பனியில் ஒரு ஆள் முழங்காலில் நின்றார். அசைந்தார். இரண்டு கையாலும் பனியைக் கிளறி அள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

நான் பெயர் சொல்லிக் கத்தினேன். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அன்றுதான். காற்று அதைக் கொண்டு போய்விட்டது. லிஃப்ட் எப்படி வந்தது, எப்படி இறங்கியது என்று தெரியாது. வேலையிடத்துச் செருப்போடு பனிக்குள் விழுந்து எழும்பி அவரிடம் போனேன். அவரும் பெனியனும் செருப்புமாக இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“கொம்பு” என்றார். “கொம்பு விழுந்திட்டுது.”

“கொம்பு கிடக்கட்டும், எழும்புங்கோ!”

“இல்லை, தேடும். இஞ்சைதான் கிடக்கும். தேடும்!”

நானும் முழங்காலில் விழுந்து தேடினேன். வேறென்ன செய்வேன்? கை விறைத்து, எதைத் தொடுகிறேன் என்றே தெரியவில்லை. அவர் பனியைத் தோண்டிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்காமல்.

“ஸ்டூலை நான்தான் கம்பியடிக்கு இழுத்துப் போட்டனான்.”

“வெளிச்சம் பாக்கவோ?” என்று கேட்டேன். ஓம் என்று சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கதறினேன்.

“இல்லை.”

நான் கையை எடுத்து என் வாயைப் பொத்தினேன்.

“கொம்பு மடியிலை கிடந்தது. நான் எழும்ப அது உருண்டு கம்பிக்குள்ளாலை போயிட்டுது. ஐயோ எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்திட்டன். லிஃப்டுக்கை நிக்கேக்கைதான் நினைச்சன், நான் என்னத்துக்கு எழும்பினனான் எண்டு.”

அவர் அழுதார். விபத்துக்கு அழவில்லை, விரலுக்கு அழவில்லை. அன்று பனியில் முழங்காலில் நின்று, மூக்கு வழிய, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடிக்கவும் செய்தேன். முதுகில் இரண்டு அடி, பலமாகத்தான் அடித்தேன்.

அவருடைய தோளுக்கு மேலாகத்தான் அதைக் கண்டேன். பற்றைக்கு அடியில், வெள்ளைப் பனியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். அந்த மஞ்சள் மட்டும் இல்லாவிட்டால் பனி கரைகிற வரைக்கும் அது கிடைத்திருக்காது. இழுத்து எடுத்தேன். வாய்ப் பக்கம் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவர் அதை வாங்கி, வாயை அடைத்திருந்த பலகை கழலவில்லை என்று பார்த்து, நுனியில் போட்டிருந்த துளையில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். காற்றுப் புகாத கொம்பு உதட்டில் ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டவில்லை.

“இனி உது வெடிமருந்துக்கு உதவாது” என்றார்.

“உதவாட்டிக்கும் பரவாயில்லை.”

காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தார். மூன்று விரலுக்கு நடுவில் அது நழுவப் பார்த்தது. என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“இதை நீர் வைச்சிரும். நான் கேட்டாலும் தராதையும்.”

மகளுக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன், அன்று மாலையே வந்தாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே டாக்குத்தர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், சின்னக் குரலில், ஒன்றையும் மறைக்காமல். நான் எதிர்பார்த்த வெட்கம் எனக்கு வரவில்லை. மரக்கறிக் கடையில் யார் எந்தக் குரலில் பேசினால் எனக்கென்ன என்று இருந்தது.

இப்போது மாத்திரை இருக்கிறது, கிழமைக்கு ஒரு தரம் மனநல ஆலோசகரிடம் பேசப் போய் வருகிறார். நல்ல நாளும் உண்டு, சோபாவில் கல்லாகிற நாளும் உண்டு. வெடித்த கொம்பு சாமி அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளைக்காரர் செப்புத் தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்றார், இவர் வேண்டாம் என்றுவிட்டார். புதுக் கொம்பு ஒன்றில் வேலை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் பல்கனியைத் திறப்பேன், என் கதிரை அதே இடத்தில்தான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

வேலை நாட்களில் நான் காலில் சப்பாத்து மாட்டும்போது அவர் கேட்பார்.

“திறப்பு இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

“சரி, போயிட்டு வாரும்.”

போன கிழமை ஒரு நாள் அவர் கேட்கவில்லை. புதுக் கொம்பை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லிஃப்ட் வரை போய்விட்டேன். லிஃப்ட் வந்து கதவும் திறந்தது. ஏற முடியவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

“என்ன, எதையும் மறந்து போனீரோ?” என்றார்.

“நீங்கள்தான் மறந்து போனியள். கேளுங்கோ.”

கொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நனைந்திருந்தது. “திறப்பு இருக்கோ?” என்று கேட்டார்.

நான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஓம், இருக்கு” என்றேன்.